பூமிக்குள் தீர்ந்துபோவது சூடு இல்லை

கலிஃபோர்னியாவில் 'தி கீசர்ஸ்' என்றொரு இடம் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய புவிவெப்ப மின் நிலையத் தொகுதி அங்கேதான். ஆனால் அங்கே ஒரு கீசர்கூட (விட்டுவிட்டுப் பீறிட்டு அடிக்கும் இயற்கை வெந்நீர் ஊற்று) கிடையாது! 19ஆம் நூற்றாண்டில் பார்த்தவர்கள் ஆவி சீறுவதைக் கண்டு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

கீசர் என்றால் தண்ணீரும் பீறிட்டு அடிக்க வேண்டும். ஆழமான, ஒடுக்கமான ஒரு குழாய் மாதிரி பிளவு, அதில் நிற்கும் தண்ணீரின் பாரம் அடியில் இருக்கும் தண்ணீரை அழுத்திக்கொண்டே இருப்பதால் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும் (பத்து மடங்கு காற்றழுத்தத்தில் கொதிநிலை கிட்டத்தட்ட 180 டிகிரி). எங்கேயோ நாலு குமிழி கிளம்பி மேலே இருக்கும் தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே தள்ளிவிட்டால் போதும், பாரம் குறைந்து, கீழே இருப்பது மொத்தமும் ஒரேயடியாகக் கொதித்துக் கிளம்பும். தண்ணீர் குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருக்கும் இடத்தில் வெறும் ஆவிதான் வரும். இந்த உலர் ஆவி அபூர்வம். பெரிய அளவில் கிடைத்தது கீசர்ஸில், அதற்கு முன்னால் இத்தாலியின் லார்டெரெல்லோவில்.

லார்டெரெல்லோவின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே யாரும் மின்சாரத்தைத் தேடிப் போகவில்லை, போனது போரிக் அமிலத்துக்கு. சேற்றுக் குட்டைகளில் அது இருப்பதை 1777இல் கண்டுபிடித்தார்கள், 1818இல் பிரான்சிலிருந்து வந்த லார்டெரெல் அதைத் தொழிலாக்கினார். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைக்க விறகு எரித்தார்கள். காலடியில் ஆவி சீறிக்கொண்டிருக்கும்போதே விறகு! 1827இல்தான் அந்த ஆவியையே அடுப்பாக்கினார் லார்டெரெல். அப்புறம் அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்த இளவரசர் ஜினோரி கோன்டி, 1904 ஜூலை 4 அன்று ஆவி எஞ்சினோடு ஒரு டைனமோவை இணைத்து ஐந்து பல்புகளை எரியவைத்தார். ஐந்தே ஐந்து. 1913இல் 250 கிலோவாட் நிலையம் வந்தது, அதிலும் பூமியின் ஆவியை நேராக டர்பைனுக்கு விடவில்லை. அதில் கலந்து வரும் வாயுக்களும் ரசாயனங்களும் இரும்பை அரித்துவிடும் என்பதால், அதன் சூட்டை மட்டும் எடுத்து நல்ல தண்ணீரை ஆவியாக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை இதையெல்லாம் தகர்த்துவிட்டுப் போக, மறுபடியும் கட்டினார்கள்.

உலர் ஆவி இல்லாத இடங்களில் என்ன செய்வது? நியூசிலாந்தின் வைராகேயில் 1958இல் வழி காட்டினார்கள்: வெந்நீரும் ஆவியும் கலந்து வருவதைப் பிரித்து, ஆவியை மட்டும் டர்பைனுக்கு அனுப்பினார்கள். ஆனால் நிலத்தடி நீரை இறைக்க இறைக்க அழுத்தம் குறைந்து, பக்கத்திலிருந்த கீசர் பள்ளத்தாக்கு அடங்கிப்போனது, நிலமும் தாழ்ந்தது. 'இலவச மின்சாரம்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இதுதான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, கீசர்ஸுக்குத் திரும்புவோம். 1960இல் 11 மெகாவாட்டில் தொடங்கி, ஆளாளுக்குக் கிணறு தோண்டி, நிலையத்துக்கு மேல் நிலையமாகக் கட்டிக்கொண்டே போனார்கள். 1980களின் கடைசியில் ஆவி இறங்குமுகமானது. பாறை ஆறிவிடவில்லை, சூடு அப்படியேதான் இருந்தது. தீர்ந்தது தண்ணீர். மழை ஊறி உள்ளே இறங்கும் வேகத்தைவிட இவர்கள் உறிஞ்சிய வேகம் அதிகம், அவ்வளவுதான். இத்தனை பொறியாளர்கள் இருந்தும் வரவு செலவுக் கணக்கு பார்க்க யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

இதற்குக் கிடைத்த தீர்வு சாக்கடை. 1997 முதல் லேக் கவுண்டியிலிருந்தும், 2003 முதல் சாண்டா ரோசா நகரத்திலிருந்தும் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து பூமிக்குள் இறக்குகிறார்கள். சூடான பாறை அதை ஆவியாக்கித் திருப்பித் தருகிறது. ஆக, சாண்டா ரோசாவில் யாரோ குளித்த தண்ணீர் மலைக்கடியில் போய்க் கொதித்து டர்பைனைச் சுற்றுகிறது. குளிர்ந்த தண்ணீர் சூட்டுப் பாறையில் படுவதால் சின்னச் சின்ன நிலநடுக்கங்களும் வருகின்றன, பெரும்பாலானவை கருவிக்கு மட்டுமே தெரியும், சில மட்டும் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் வீட்டுப் பாத்திரங்களை ஆட்டிவிட்டுப் போகும்.