மொத்தம் சரி, வரிசை தப்பு

போன வருஷம் ஒரு புதன்கிழமை இரவு எட்டரை மணி. சென்னை அலுவலகத்தில் கிளம்பத் தயாராக இருந்தபோது அமெரிக்க கிளையண்டின் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு. வந்த பணம் சரி, தொகையும் சரி, ஆனால் ஒருத்தர் கட்டியது இன்னொருத்தர் இன்வாய்ஸில் வரவாகியிருக்கிறது. ஒன்றிரண்டு இல்லை, முப்பதுக்கு மேல்.

எங்களுக்கு வருவது ஏசிஎச் ஃபைல், அதாவது அமெரிக்க வங்கிகளுக்கு இடையிலான மின்னணுப் பணப் பரிமாற்றங்களின் பட்டியல். நாச்சா என்ற அமைப்பு வகுத்த வடிவம். வரிக்கு 94 எழுத்து, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அது என்ன வரி என்பதை முதல் எழுத்து சொல்லிவிடும். 1 ஃபைல் ஹெடர் (தொடக்கம்), 5 பேட்ச் (தொகுதி) ஹெடர், 6 பணப் பரிமாற்றம், 7 அதற்கான அடெண்டா (கூடுதல் விவரம்), 8 பேட்ச் முடிவு, 9 ஃபைல் முடிவு. இன்வாய்ஸ் எண் 7-இல்தான் வரும். மேலே எந்த 6 நிற்கிறதோ அதற்குத்தான் கீழே உள்ள 7 சொந்தம் என்று எங்கள் புரோகிராம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது.

முதலில் 8 என்று தொடங்கும் வரியைப் பார்த்தேன். எண்ணிக்கை சரி. தொகை சரி. ஹாஷும் சரி. (ஹாஷ் என்றதும் மிரள வேண்டாம். வங்கியைக் குறிக்கும் ரூட்டிங் எண்களின் முதல் 8 இலக்கங்களைக் கூட்டி, வருவதில் கடைசி 10 இலக்கத்தை எழுதுவார்கள், அவ்வளவுதான்.) கூட்டலுக்கு எது முன்னே, எது பின்னே என்பது தெரியவே தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டாலும் எண்ணினால் 52தானே.

சரி, வரிசையைச் சோதிப்போம் என்று உட்கார்ந்தேன். 1-க்குப் பின் 5, 5-க்குப் பின் 6, 6-க்குப் பின் 6, 7 அல்லது 8 என்று எதற்குப் பின் எது வரலாம் என ஒரு சின்ன அட்டவணை. அரை மணி நேர வேலை. பெருமையாக அந்தக் கோளாறு ஃபைலையே கொடுத்து ஓட்டினேன். பிழை எதுவும் இல்லை என்றது!

வரிகளைக் கண்ணால் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 6, 7, 6, 7 என்று ஒழுங்காகத்தான் போகிறது. ஆனால் 0000041 என்று முடியும் 6-க்குக் கீழே 0000042 என்று முடியும் 7. அடுத்த ஜோடியில் நேர் எதிர். 6-இன் கடைசி 15 எழுத்து டிரேஸ் எண், அதாவது அந்தப் பரிமாற்றத்தின் அடையாள எண். அதன் கடைசி 7 இலக்கத்தை, 7 என்று தொடங்கும் வரியும் தன் வாலில் சுமக்கிறது. அடையாளம் கையிலேயே இருந்திருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. அதை ஒப்பிட இரண்டு வரி சேர்த்ததும் அத்தனை கோளாறும் வரி எண்ணோடு வந்து விழுந்தது. கையோடு டிரேஸ் எண் ஏறுவரிசையில் வருகிறதா என்ற சோதனையையும் போட்டேன்.

மறுநாள் காலையில் நல்ல ஃபைல்களும் நிராகரிக்கப்பட்டுக் கிடந்தன. காரணம் இரண்டு, இரண்டும் என் தப்பு. டிரேஸ் எண் ஒவ்வொன்றாக ஏற வேண்டும் என்று எழுதிவிட்டேன். பேட்சுக்குள் ஏறினால் போதும், நடுவில் எண் விடுபடலாம். இன்னொன்று, வரிகளைப் பத்தின் மடங்காக நிரப்ப ஃபைலின் கடைசியில் வெறும் 9-களாலான வரிகள் வரும். என் அட்டவணை அவற்றை இரண்டாவது, மூன்றாவது ஃபைல் முடிவு என்று எண்ணிக்கொண்டு கத்தியது. 94 எழுத்தும் 9 என்றால் தாண்டிப் போ என்று எழுதியதும் அடங்கியது.

ஃபைலை அனுப்புகிற இடைநிலை நிறுவனம் இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கள் டோட்டல் டேலி ஆகிறதே" என்ற ஒரே பதில். மூன்றாவது நாள் எங்கள் லாகை (புரோகிராம் எழுதிய பிழைப் பதிவை) வரி எண்களோடு அனுப்பினேன். வேகத்துக்காக அடெண்டாவைத் தனி திரெட்டில், அதாவது அதே நேரத்தில் தனியாக ஓடும் வேலையாக, எழுத ஆரம்பித்திருந்தார்களாம்; அதில்தான் வரிசை மாறியிருக்கிறது. அந்த மாற்றம் போனது, நமக்கு அழைப்பு வந்த புதன்கிழமைக்கு முந்தின நாள்.