துக்க வீட்டு கிறிஸ்மஸ்

டிசம்பர் பொறந்துட்டா எங்க நாகர்கோவில் பக்கம் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும், ராத்திரி வீடு வீடா பாடிட்டு வர்ற கேரல் ரவுண்ட்ஸ் டிரம் சத்தம், அடுப்படில முந்திரிக்கொத்துக்கு பயறு வறுக்குற வாசனை. அந்த வருஷம் சாவு விழுந்த வீட்ல மட்டும் ஸ்டார் போட மாட்டாங்க, பலகாரம் சுட மாட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரங்கதான் டப்பால போட்டு கொண்டு வந்து குடுப்பாங்க. அப்பா தவறினதால போன வருஷம் நாங்கதான் அந்த வீடு.

டப்பாவ குடுத்துட்டு போனா பரவால்ல. "விசுவாசிகள் அழக்கூடாது, ஸ்தோத்திரம் சொல்லுங்க, எல்லாம் நன்மைக்குத்தான்"னு ஆரம்பிப்பாங்க பாருங்க, அம்மா அதுக்கும் தலையாட்டிட்டு உள்ள போய் அழுவாங்க. நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா இது எந்த வேதாகமத்துல இருக்குன்னு எனக்கு இன்னும் புரியல. செத்துப்போன நண்பன் லாசருவோட கல்லறைகிட்ட இயேசு கண்ணீர் விட்டார்னு யோவான் 11-ல இருக்கு, அதுவும் இன்னும் கொஞ்ச நேரத்துல அவன எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?"னு 13-ம் சங்கீதத்துல தாவீது நேருக்கு நேரா கேக்கறான், அதுவாவது கடைசில பாட்டா முடியும், 88-ம் சங்கீதம் அப்படி கூட முடியாது, இருட்டுலயே நின்னுடும், அதையும் வெட்டாம வச்சிருக்காங்க. அவ்வளவு ஏன், மத்தேயுவோட கிறிஸ்மஸ் கதைலயே ஏரோது ராஜா பெத்லகேம் பிள்ளைங்கள கொன்னதும், ராகேல்ங்கிற தாய் பிள்ளைங்களுக்காக ஆறுதல் அடையாம அழுறது வருது, நம்ம சண்டே ஸ்கூல் நாடகத்துல குழந்தை இயேசுவ பாக்க சாஸ்திரிகள் வந்து பொன் தூபவர்க்கம் வெள்ளைப்போளம் குடுத்த உடனே ஸ்கிரீன போட்டுடறோம்.

எங்க கடற்கரைக்காரங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டாம். 2004-ல கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடில எல்லாம் கிறிஸ்மஸ் கொண்டாடி மறுநாள் ஞாயித்துக்கிழமை காலைல சுனாமி வந்துச்சு, வேளாங்கண்ணில திருநாளுக்கு வந்தவங்களயே கடல் கொண்டு போச்சு. அதுக்கப்புறம் அங்க ஒவ்வொரு வருஷமும் 25-ம் தேதி குடில், 26-ம் தேதி கல்லறைல மெழுகுவர்த்தி. 2017 நவம்பர் கடைசில ஒக்கி புயல் அடிச்சப்போ தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போன ஆளு வருமா வராதான்னே தெரியாம அந்த டிசம்பர் முழுக்க காத்திருந்த வீடுங்க இருக்கு, அடக்கம் பண்ண உடம்பு கூட கிடைக்காதவங்க. அவங்க கோயிலுக்குப் போறத நிறுத்தல, அழறதயும் நிறுத்தல. எனக்குத் தெரிஞ்ச விசுவாசம் இதுதான்.

எங்க வீட்டு விஷயத்துக்கு வர்றேன். அதிகாலை ஆராதனைக்கு அம்மா வரமாட்டேன்னுதான் சொன்னாங்க, அப்புறம் அவங்களே எழும்பி பழைய சேலையே கட்டிட்டு வந்தாங்க. கடைசி பெஞ்சுல, வாசப்பக்கமா உக்காந்தோம், எப்ப வேணாலும் வெளிய போயிடலாம்ல. எல்லாரும் பாடுறாங்க, எனக்கு வாய் வரல, சுத்தி இருக்கிறவங்க பாடட்டும், இன்னைக்கு நமக்கும் சேத்துதான் பாடுறாங்கன்னு நினைச்சுகிட்டேன். ஜெபம்னு பெருசா ஒண்ணும் பண்ணல, "ஆண்டவரே, வந்துட்டோம்", அவ்வளவுதான்.

உண்மைய சொன்னா பலகார அட்வைஸ விட ரவுண்ட்ஸ் வராததுதான் ரொம்ப வலிச்சுது. அப்பா வருஷா வருஷம் பேங்க்ல புது பத்து ரூபா கட்டு வாங்கி வச்சு, பாட வர்ற சின்னப் பசங்களுக்கு தனித்தனியா குடுப்பார். பீரோல அந்த மாதிரி ஒரு கட்டு பிரிக்காம இருந்துச்சு, அம்மா அத எடுத்து மடில வச்சுகிட்டு உக்காந்திருந்தாங்க, டிரம் சத்தம் எங்க தெரு முனை வரைக்கும் வந்து அப்படியே அடுத்த தெருவுக்குத் திரும்பிடுச்சு. துக்க வீடு, தொந்தரவு பண்ண வேணாம்னு மரியாதையாத்தான் விட்டிருக்காங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது.

இந்த வருஷம் ரவுண்ட்ஸ் லிஸ்ட் போடும்போது நானும் போய் உக்காந்தேன். துக்க வீடுங்க பேர லிஸ்ட்லேருந்து அடிச்சு வச்சிருந்தாங்க. அடிக்காதீங்கப்பா, முன்னாடியே போய் ஒரு வார்த்தை கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க, வரச் சொன்னா டிரம், கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் எல்லாத்தையும் முனையிலயே நிறுத்திட்டு நாலு பேர் மட்டும் போய் மெதுவா ஒரு பாட்டு பாடி ஜெபம் பண்ணிட்டு வாங்கன்னு சொன்னேன். யூத் பசங்க உடனே சரின்னாங்க, சபைச் செயலர்தான் நேரம் பத்தாதேன்னு இழுத்துகிட்டு இருக்கார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சு மறுபடியும் போய் கேக்கணும்.