டெட் சென்டருக்குக் கிரீஸ் வை

கோவை கணபதியில் என் மாமா லேத் பட்டறை வைத்திருந்த காலத்தில், பள்ளி விடுமுறைக்குப் போகும் எனக்கு அவர் கொடுத்த முதல் வேலை, டெட் சென்டரின் முனையில் கிரீஸ் தடவுவது. லேத்தின் ஒரு பக்கம் சக் என்ற பிடியில் மாட்டிய இரும்புத் தண்டு சுழலும்; மறுபக்கம் டெயில்ஸ்டாக் என்ற தாங்கியில் செருகிய கூம்பு முனையான டெட் சென்டர், தான் சுழலாமலே தண்டின் மறுமுனையைத் தாங்கி நிற்கும். சுழல்வதும் நிற்பதும் உரசும் இடமாதலால், கிரீஸ் காய்ந்தால் முனை சூடேறிக் கருகிவிடும். டெட் என்றால் ‘இறந்த’ என்று மட்டுமே ஆங்கிலப் பாடத்தில் படித்திருந்த நான், இத்தனை பாரம் தாங்கும் ஒன்றை ஏன் செத்தது என்கிறார்கள் என்று கேட்டேன். “சுத்தாம நிக்குதல்ல கண்ணு, அதனால டெட்டு” என்றார் மாமா.

பின்னாளில் புரட்டிய அகராதிகளைக் காட்டிலும் இந்த விளக்கம்தான் எனக்கு உதவியிருக்கிறது. உயிர் போனதை மட்டுமல்ல, எதற்கும் அசைந்துகொடுக்காததையும் ஆங்கிலம் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறது. என்ஜினில் பிஸ்டன் உச்சிக்குச் சென்று, திரும்புவதற்கு முன் வேகம் அற்று நிற்கும் இடமும் டெட் சென்டர்தான். மின்சாரம் ஓடாத கம்பியும் டெட்தான்.

இந்தப் பொருளை மிக அழகாகக் காட்டுவது நூற்பாலையில் புழங்கும் டெட் காட்டன். காயினுள் முற்றாமல், சுவர் தடிக்காமல் போன பஞ்சு இழைகளுக்கு அந்தப் பெயர். நூலில் அவை எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. அந்த நூல் திருப்பூருக்குப் போய், பனியன் துணியாகி, சாயப்பட்டறையிலிருந்து கருநீலமாக வெளியே வரும்போதுதான், சாயம் பிடிக்காத இழைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் துணி முழுவதும் தெரியும். அதன் பிறகு நூல்காரருக்கும் துணிக்காரருக்கும் நடக்கும் பேச்சைக் கேட்டவர்கள், அந்த இழையைச் செத்தது என்று ஒருபோதும் எண்ணமாட்டார்கள்.

கோடையில் சிறுவாணி அணை டெட் ஸ்டோரேஜை நெருங்குகிறது என்று நாளிதழில் வந்தால் கோவைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரையும். அந்தத் தண்ணீரில் குறையொன்றும் இல்லை. மிகத் தாழ்ந்த மதகுக்கும் கீழே கிடப்பதால், திறந்துவிட்டாலும் தானாக வெளியே வராது, அவ்வளவுதான். இங்கேயும் மாமாவின் விளக்கமே பொருந்துகிறது.

அது பொருந்தாத இடமும் உண்டு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து போவது போன்ற வேகத்தை ஆங்கிலத்தில் ‘டெட் ஸ்லோ’ என்பார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு ‘முற்றிலும்’ என்பதே பொருள். சாவில் அரைகுறை கிடையாது என்பதால் இந்தப் பொருள் வந்திருக்கும் என்பது என் ஊகம். திருப்பூர் ஏற்றுமதியாளரின் தூக்கத்தைக் கெடுக்கும் டெட்லைனோ உண்மையாகவே சாவோடு தொடர்புடையது: 1864இல், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் கைதிகள் தாண்டினால் சுடப்படுவார்கள் என்று குறித்திருந்த எல்லைக்கு அந்தப் பெயர் இருந்தது.

தமிழில் நாம் இப்படி ஒரே சொல்லை எல்லாவற்றின் மேலும் போர்த்துவதில்லை. கால் மரத்துப்போகும், பேட்டரி இறங்கிப்போகும், கிணறு தூர்ந்துபோகும், கருவற்ற முட்டை கூமுட்டை, மணி பிடிக்காத நெல் பதர், வழியற்ற சந்து முட்டுச்சந்து. (‘செத்த நேரம் இருங்க’ என்பதில் உள்ள ‘செத்த’வுக்கும் சாவுக்கும் உறவில்லை, அது ‘சற்று’ என்பதன் பேச்சு வடிவம்.) சாவைக்கூட நேராகச் சொல்ல நாம் தயங்குகிறோம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கல வழக்கு என்று நன்னூலுக்கு உரை எழுதியவர்கள் காட்டுவார்கள். இன்று அந்த மங்கலத்தை ஆங்கிலமே செய்துகொடுக்கிறது என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டுத் தரைவழித் தொலைபேசி அடிக்கடி ஓய்ந்துவிடும், ஒரு மாலை நான் “போன் செத்துப்போச்சு” என்றதும் அம்மிச்சி (அம்மாவின் அம்மா), “ஏஞ்சாமி, வெளக்கு வெக்கிற நேரத்துல அந்தப் பேச்செதுக்கு?” என்று கடிந்தார். அதையே அப்பா “போன் டெட்டுங்க” என்று சொன்னபோது அவர் முகம் மாறவே இல்லை.

ஒரே ஒருமுறை அவர் அந்த ஆங்கிலச் சொல்லையும் தடுத்தார். மழை பொய்த்த ஓர் ஆண்டில் பொள்ளாச்சித் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த மாமா, “தெக்கால வரிசைல மூணு தென்னை டெட் ஆயிருச்சு” என்றார். “பட்டுப்போச்சுன்னு சொல்லு” என்றார் அம்மிச்சி. சொல்லிவிட்டு, எந்தெந்த மரம் என்று கேட்டு ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.