கரும்புச் சக்கையில நானோசெல்லுலோஸ்: டர்பன் லேப்ல மூணு தடவை தோத்து நாலாவது தடவை வந்த கதை

நான் மெக்கானிக்கல் படிச்சவன், பிஎச்டிக்கு தென்னாப்பிரிக்காவுல இருக்குற டர்பன் வந்தா டாபிக்கு பாதி கெமிஸ்ட்ரி, கரும்புச் சக்கையில இருந்து நானோசெல்லுலோஸ் (செடி நார்ல இருக்குற செல்லுலோஸோட ரொம்பச் சின்னத் துகள்) எடுத்து பேக்கேஜிங் ஃபிலிம் பண்ணணும். டர்பன் இருக்குற குவாசுலு-நடால் மாகாணத்துல சக்கைக்குப் பஞ்சமே இல்ல, 100 டன் கரும்பு அரைச்சா கிட்டத்தட்ட 30 டன் ஈரச் சக்கை விழும், ஆலைக்காரங்க பெரும்பாலும் பாய்லர்ல போட்டு எரிச்சிடுவாங்க.

காஸ்டிக் சோடாவுல வேக வச்சு, ப்ளீச் பண்ணி, பஞ்சு மாதிரி வெள்ளையா எடுக்குற வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அடுத்து அதை நானோ துகளா உடைக்க சல்ஃப்யூரிக் ஆசிட், 64%, 45 டிகிரி, 45 நிமிஷம். மூணு தடவை பண்ணேன், மூணு தடவையும் டிகாக்‌ஷன் மாதிரி ஆயிடுச்சு, சென்ட்ரிஃப்யூஜ்ல ஓட்டினா அடியில ஒண்ணுமே நிக்கல. சக்கைதான் சரியில்லன்னு ஒரு மாசம் வேற வேற ஆலையா அலைஞ்சேன்.

லேப் டெக்னிஷியன் அங்கிள் பரம்பரையா டர்பன்காரர், 1860-ல இந்தியக் கூலித் தொழிலாளர்களை ஏத்திக்கிட்டு முதல் கப்பலா ட்ரூரோ மெட்ராஸ்ல இருந்து வந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், தமிழ் கொஞ்சம்தான் பேசுவார். "தம்பி, நீ எப்படி கலக்குற, காட்டு"ன்னார். 36 மில்லி தண்ணியில 64 மில்லி ஆசிட்ட ஊத்துறதைப் பார்த்ததும் கையைப் பிடிச்சிட்டார். 64%ங்கிறது எடைக் கணக்காம்! ஆசிட்டு தண்ணியை விட ரெண்டு மடங்குக்குப் பக்கத்துல கனம், நான் கலந்தது எடையில 75% வந்திருக்கு. 72%லயே செல்லுலோஸ் மொத்தமா கரைஞ்சிடும், லிக்னின் (நாரை ஒட்டிப் பிடிச்சிருக்குற பொருள்) அளக்குறதே அப்படி கரைச்சுத்தான். எங்க டிபார்ட்மென்ட்ல யாரும் இதை எனக்குச் சொன்னதில்ல, கெமிஸ்ட்ரிக்காரங்களுக்கு இது சொல்லணும்னே தோணல.

நாலாவது தடவை எடை போட்டு கலந்தேன், பத்து மடங்கு குளிர்ந்த தண்ணி ஊத்தி நிறுத்தினதும் பால் மாதிரி நின்னுச்சு. டயாலிசிஸ்ல மிச்ச ஆசிட்டை எடுத்துட்டு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வச்சு படிக அமைப்பைப் பார்க்குற டெஸ்ட்) போட்டா 22.5 டிகிரி பக்கத்துல கூர்மையா பீக், செல்லுலோஸ் படிகம் கரையாம இருக்குன்னு அர்த்தம், அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

ஃபிலிம் எவ்வளவு தாங்கும்னு இழுத்துப் பார்க்குறப்போ என் கெமிஸ்ட்ரி ஃப்ரெண்டு மாட்டிக்கிட்டா. வெயில் நாள்ல ஒரு ரிசல்ட், மழை நாள்ல கிட்டத்தட்ட அதுல பாதி. டர்பன் கடல் காத்து ஈரத்தை எல்லாம் ஃபிலிம் உறிஞ்சிடுதுன்னு நான் சொல்லி, 23 டிகிரி, 50% ஈரப்பதத்துல ரெண்டு நாள் வச்சு டெஸ்ட் பண்ணதும் நம்பர் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்துச்சு.

தீசிஸ்ல முழுசாவே எழுதிட்டேன்: 100 கிராம் கலவைக்கு 98% ஆசிட் 65.3 கிராம், தண்ணி 34.7 கிராம், ஐஸ்ல வச்சு ஆசிட்டைத்தான் தண்ணிக்குள்ள மெதுவா ஊத்தணும்.