முத்திரை இல்லாத தாளும் ஈரம் குடித்த பொடியும்

எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டுக்காக ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தையும் பிவிபி கே30 பாலிமரையும் பாதிக்குப் பாதி கரைத்து, ரோட்டாவில் (சுழற்றி ஆவியாக்கும் கருவி) கரைப்பானை ஓட்டி அமார்ஃபஸ், அதாவது படிகமில்லாத பொடி எடுத்தேன். அதுவரை பிரச்சினை இல்லை.

பொடியில் படிகம் இருக்கிறதா என்று எக்ஸ் கதிரால் பார்க்கும் எக்ஸ்ஆர்டி கருவி இருந்தது வேறொரு நிறுவனத்தில். ஐப்பசி மழையில் இரண்டு பஸ் மாறிப் போனால், விண்ணப்பத்தில் துறைத்தலைவர் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இல்லையாம். அங்கிருந்த அலுவலரிடம் கெஞ்சியும் பலனில்லை. "தீபாவளி லீவு முடிஞ்சு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் பொடி ஹாஸ்டல் அலமாரியில், ஜிப் கவரில் கிடந்தது. அது என் தப்பு. (ஈரம் படாமல் வைக்கும் டெசிகேட்டர் ஜாடியில் வைத்திருந்தாலும் கதை இதுதான்; அதிலிருந்த நீல சிலிக்கா ஜெல் ஈரம் குடித்து எப்போதோ இளஞ்சிவப்பாகியிருந்தது.) மறுபடி போய் எடுத்த படத்தில், அமார்ஃபஸ் பொடிக்கு அகலமான ஒரே மேடு வர வேண்டிய இடத்தில் ஊசி ஊசியாக பீக்குகள். மருந்து படிகமாகிவிட்டது.

பிவிபி காற்றிலுள்ள ஈரத்தை அப்படிக் குடிக்கும். கண்ணாடி நிலை இளகும் வெப்பநிலை, அதாவது டிஜி, ஃபெலோடிபினுக்குச் சுமார் 45 டிகிரி. தண்ணீருக்கு மைனஸ் 137. கொஞ்சம் ஈரம் சேர்ந்தாலே கலவையின் டிஜி சரிந்து மூலக்கூறுகள் நகர ஆரம்பிக்கும். அதைவிட மோசம், பிவிபி ஹைட்ரஜன் பிணைப்பால் மருந்தைப் பிடித்திருக்கும் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்வது. விடுபட்ட மருந்து தனியே ஒதுங்கி, அப்புறம் படிகமாகும்.

சூடேற்றி டிஜியை அளக்கும் டிஎஸ்சி கருவியிலும் ஏமாந்தேன். மூடியில் துளையிட்ட பேனில் (பொடி வைக்கும் குட்டித் தட்டு) வைத்தால் சூடேறும்போதே ஈரம் பறந்துவிடும். காய்ந்த பொடியின் டிஜியைப் பார்த்துவிட்டு ஆகா, பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். ஈரத்தோடு உள்ள டிஜி வேண்டுமென்றால் முழுக்க மூடிய பேன்தான்.

இரண்டாம் முறை ஈரம் குறைவாக இழுக்கும் ஹெச்பிஎம்சிஏஎஸ் பாலிமருக்கு மாறினேன், மருந்தையும் 30 சதவீதமாகக் குறைத்தேன். அலுமினியப் பையில் போட்டு, ரூம்மேட்டின் ஹேர் ஸ்ட்ரெய்ட்னரால் வாயை ஒட்டினேன். பிரமாதமாக ஒட்டியது! முடிக்கு அதை அவள் மறுபடி தொடவில்லை என்பது வேறு விஷயம். இன்னொரு பங்கைத் திறந்தபடியே 40 டிகிரி ஓவனில், உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குக் கலந்த தண்ணீருக்கு மேலே, மூடிய டப்பாவில் வைத்தேன். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும்.

ஒரு மாதம் கழித்து இரண்டிலும் வெறும் மேடு மட்டும். விண்ணப்பத்தின் மூன்று பிரதியிலும் முத்திரை குத்திக்கொண்டு போயிருந்தேன். அந்த அலுவலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.