வேலிகாத்தானில் 'டக்' என்றது வடக்கே போய்ப் பாடுகிறது

சூலூர்பேட்டை, தடா, ஆரம்பாக்கம் பக்கம் பனிக்காலத்தில் ஒரு வேலிகாத்தான் புதர் ஓரமாக நின்றால் போதும், உள்ளேயிருந்து 'டக்... டக்' என்று சத்தம் வரும். நாக்கை மேலண்ணத்தில் தட்டியது போல இருக்கும். அது பிளைத் நாணல் கதிர்க்குருவி. மேலே மண் நிறம், கீழே வெளுப்பு, கண்ணுக்கு மேல் மங்கலான ஒரு கோடு. பூநாரை பார்க்க வருகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பின்லாந்துக் காட்டோரத்துக்கும் நம் ஊருக்கும் உறவு சொல்ல வேண்டுமானால் இந்தக் குருவியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அங்கே குஞ்சு பொரிக்கும் பல பாட்டுக்குருவிகள் ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது, இது கிழக்கே திரும்பி இந்தியத் துணைக்கண்டத்துக்கு வருகிறது.

சேற்றில் மேயும் சிறு கரைப்பறவைகளான பழவேற்காடு ஏரி உள்ளான்களைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. கொசு உள்ளான் நார்வேயின் வடகோடியிலும் கூடு வைக்கும். நம் ஏரிக்கு வருபவையோ பெரும்பாலும் சைபீரியாவிலிருந்து மத்திய ஆசிய வலசைப் பாதையில் வருபவை. இனம் ஒன்று, ஊர் வேறு. அதனால் குறைவில்லை. இங்கே சாம்பல் சட்டையில் பார்த்ததை அங்கே கல்யாணக் கோலத்தில் பார்க்கத்தானே போகிறோம்!

பின்லாந்துக்கும் நார்வேயின் வடகோடிக்கும் பறவை பார்க்கப் போக வேண்டிய நாட்கள் மே 25 முதல் ஜூன் 10 வரை. அதற்கு முன்னால் போனால் வடக்கே பனி உருகியிருக்காது, பிளைத் குருவியும் வந்து சேர்ந்திருக்காது. ஜூன் பாதிக்கு மேல் பாட்டு குறையும், காட்டில் கொசு மொய்க்கும்.

பயிற்சியை இங்கேயே பனிக்காலத்தில் தொடங்கி ஏப்ரலில் முடித்துவிடுங்கள். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் ஏரிச் சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. பனிக்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் சாலைக்கு வடக்குப் பக்கத்துப் பறவைகளின் நிறம் துல்லியமாகத் தெரியும். தெற்குப் பக்கத்தில் வெறும் நிழலுருவம்தான். ஏப்ரலில் வளைமூக்கு உள்ளான்களின் நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கும். கொசு உள்ளானின் முதுகு இறகு ஓரங்கள் துருப்பிடித்தது போலாகும். இந்த அரைகுறை நிறத்தைப் பார்த்துப் பழகியவருக்கு வடக்கே எந்த உள்ளானும் புதிதாகத் தெரியாது. காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு கானல் எழும்பி, தொலைநோக்கியில் எல்லாம் நெளியும். சாலையின் மறுகோடியில் விண்வெளி மையத்தின் காவல் சாவடி இருக்கிறது, அந்தப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள்.

முதல் தங்கல் பின்லாந்தின் தென்கிழக்கில் பாரிக்கலா. ஹெல்சிங்கியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர், பக்கத்திலேயே சீக்கலாஹ்தி என்ற ஆழமில்லாத, நாணல் மண்டிய ஏரிக்குடா. இரவு பதினொன்றுக்குக் கிளம்பி மூன்று மணி வரை வயலோரச் சாலைகளில் மெதுவாக ஓட்டுங்கள். அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இரண்டு நிமிடம் காதை மட்டும் நம்புங்கள். பெயரில் நாணல் இருக்கிறதே என்று நாணல் காட்டில் தேடினால் ஏமாற்றம்தான். வாய்க்கால் ஓரப் புதர், செந்தட்டி மண்டிய கைவிட்ட வயல், இவைதான் அதன் இடம்.

பாட்டைப் பிரித்தறியும் வழி இது. பிளைத் குருவி அவசரப்படாது. ஒரு துணுக்கை எடுத்து மூன்று, ஐந்து, சில சமயம் பத்து முறை திருப்பிப் பாடும், பிறகு அடுத்த துணுக்குக்குப் போகும். பல துணுக்குகள் பிற பறவைகளிடம் கேட்டுப் பழகியவை. இடையிடையே அதே 'டக் டக்', நம் வேலிகாத்தானில் கேட்டதேதான். அதன் உறவான சதுப்புக் கதிர்க்குருவி மூச்சு விடாமல் வேகமாகக் கொட்டும், திருப்பிப் பாடுவது குறைவு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அங்கே புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. பறவை ஒலிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜீனோ-காண்டோ இணையதளத்தில் இரண்டின் பாட்டையும் இறக்கி, ஒரு மாதம் பேருந்தில் போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருங்கள். ஆனால் அந்த ஒலியைக் களத்தில் ஒலிபெருக்கியில் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று பாடுவதை விட்டுச் சண்டைக்கு அலையும். கூடு வைக்கக் கிடைப்பதே சில வாரங்கள்.

அடுத்தது வடமேற்கே ஊலு நகரை ஒட்டிய லிமிங்கா விரிகுடா. பழவேற்காட்டை அறிந்தவருக்கு இது சொந்த ஊர் மாதிரி. கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் ஆழத் தண்ணீர், சேறு, புல். போத்னியா வளைகுடாவில் ஏற்றவற்றம் கிடையாது என்றே சொல்லலாம். தண்ணீர் மட்டத்தைத் தீர்மானிப்பவை காற்றும் காற்றழுத்தமும். தென்மேற்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் சேறு முழுகிவிடும், உள்ளான்கள் உள்ளே புல்வெளிக்கு ஒதுங்கும். ஆகவே ஓத அட்டவணையைத் தேடாமல் காற்றுத் திசையைப் பார்த்துக் கிளம்புங்கள். நம் ஏரிக்கு வரும் டெரெக் உள்ளான், மேல்நோக்கி வளைந்த அலகும் மஞ்சள் காலுமாக இங்கே விரல்விட்டு எண்ணும் ஜோடிகளாகத்தான் இருக்கிறது. பின்லாந்துக்காரர்கள் அதற்காக மணிக்கணக்கில் காத்திருப்பதைப் பார்த்தால் நம் ஏரியின் மதிப்பு புரியும்.

மே மாதக் கடைசியில் பேதை உள்ளானையும் வடக்கே தேடுங்கள். இங்கே வயலில் மேயும் சாதுவான பழுப்புப் பறவை, அங்கே கழுத்தைச் சுற்றிக் கறுப்பு, செம்பழுப்பு, வெள்ளை என்று பெரிய இறகுக் காலர் விரித்து, ஆண்கள் பெண்களைக் கவரக் கூடும் ஆடுகளத்தில் நிற்கும். கறுத்த காலர் ஆண்கள் இடம் பிடித்துச் சண்டையிடும். வெள்ளைக் காலர் ஆண்கள் சண்டையில்லாமல் அவற்றை ஒட்டி நிற்கும். மூன்றாவதாகப் பெண் போலவே தோற்றமுள்ள ஆணும் உண்டு.

அங்கிருந்து கிழக்கே 200 கிலோமீட்டர் சொச்சத்தில் கூசமோ. வல்தவாரா மலைக்காட்டில் நீலவால் சிட்டு அதிகாலை ஒன்றிலிருந்து நான்கு வரை, ஸ்ப்ரூஸ் மரத்தின் உச்சிக் கொம்பில் பாடும். அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். அதே காட்டில் மரத்தண்டுகளைக் கவனியுங்கள். பட்டையில் ஒட்டியாணம் போட்டது போலச் சிறு துளைகள் வரிசை வரிசையாக மரத்தைச் சுற்றி ஓடினால், அது மூவிரல் மரங்கொத்தி சாறு குடித்த அடையாளம். துளை புதிதாக, பிசின் ஈரமாக இருந்தால் அங்கேயே அரைமணி உட்காருங்கள். பின்லாந்திலும் நார்வேயிலும் காட்டில் யாரும் நடக்கலாம், அனுமதிச் சீட்டு வேண்டாம். கூட்டருகே போகும் உரிமை அதில் அடங்காது. ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால் அதன் குஞ்சு உங்கள் காலடியில் இருக்கிறது என்று பொருள். வந்த தடத்திலேயே பின்வாங்குங்கள்.

கடைசியாக நார்வேயின் வராங்கர் கடற்கரை, வட அட்சம் 70 டிகிரி. சூரியன் மறையாது. சாலை, நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடலான நீளிடுக்கின் (ஃபியோர்டு) வடகரையில் ஓடுவதால் கடல் தெற்கே இருக்கும்; நண்பகலில் ஒளி நேராகக் கண்ணில் குத்தும். நள்ளிரவில் சூரியன் வடக்கே, உங்கள் முதுகுக்குப் பின்னால். அப்போதுதான் கடல் வாத்துகளின் நிறம் தெளியும். ஆகவே பகலில் தூங்குங்கள். இங்கே ஓதம் உண்டு, வற்றம் தொடங்கி இரண்டு மணி நேரம் நீளிடுக்கின் உள்முனைச் சேறு உள்ளான்களால் நிறையும். கொசு உள்ளானுக்குக் கறுப்புக் கால், முதுகில் வெள்ளை 'வி'. பச்சைக்கால் கொசு உள்ளானுக்கு அந்த 'வி' இல்லை, அந்தரத்தில் இறக்கை படபடக்க நின்று சில்வண்டு போல இழுத்துப் பாடும்.

கருவிகளுக்கு வருவோம். 8x42 இருகண் நோக்கியும், 20-60 பெருக்கமுள்ள தொலைநோக்கியும் போதும். காற்றில் முக்காலியின் மெல்லிய அடிக்கால்களை நீட்டாதீர்கள், தாழ வைத்து உட்கார்ந்து பாருங்கள். காரிலிருந்து பார்க்கும்போது ஹீட்டரை அணைத்து, கண்ணாடியை இறக்கி, பத்து நிமிடம் விடுங்கள். உள்வெப்பம் வெளியேறும் வரை பழவேற்காட்டுப் பதினொரு மணிக் கானல் அங்கேயும் வந்து நிற்கும். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது. கம்பளி உள்ளாடை, காற்றுத் தடுக்கும் மேல்சட்டை, மெல்லிய கையுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை நார்வேயில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி வாங்கி வையுங்கள்.

வராங்கரின் கிழக்குக் கோடி ஊரான வார்டோவிலிருந்து படகில் பத்து நிமிடத்தில் ஹோர்னோயா தீவு. வண்ண அலகுள்ள கடற்பறவைகளான பஃபின்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். 2023இல் அந்தக் கரையோரம் பறவைக் காய்ச்சலில் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. அதனால் படகு ஏறுமுன் தடை ஏதும் உண்டா என்று கேளுங்கள். காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, உலர்த்திய பிறகே தீவில் கால் வையுங்கள். திரும்பியதும் இன்னொரு முறை. அதே காலணியோடு அக்டோபரில் நேலப்பட்டுக் கூழைக்கடாக்களைப் பார்க்கப் போவீர்கள்.