ஐந்தடிக்குக் குறைவான ஆளுக்கு ஒரு ஷாட்கன்

நான் நாலடி பதினொரு அங்குலம், 46 கிலோ. ஊர் கல்லிடைக்குறிச்சிக்கும் மணிமுத்தாறுக்கும் நடுவில். கிளே, அதாவது வானில் வீசிவிடும் தட்டைச் சுடப் பழகி, சொந்தமாக ஒரு ஷாட்கனும் வாங்கியதிலிருந்து என்னைப் போன்ற சின்ன உடம்புக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “லேசா இருக்கணும், உதைக்கவும் கூடாது. எதை வாங்கலாம்?”

இந்த இரண்டும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்து வராது. ஒரே தோட்டாவை 3.2 கிலோ துப்பாக்கியில் போட்டுச் சுட்டு, அப்புறம் 2.6 கிலோ துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், லேசானதில் உதையின் ஆற்றல் கிட்டத்தட்ட கால்பங்கு கூடும். தோட்டாவுக்குள் இருக்கும் ரவை, அதாவது சின்னச் சின்னக் குண்டுகள், முன்னால் போகிற வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வந்தே தீரும். எடை குறையக் குறைய அது வேகமாக வரும். நம் தோளால் தாங்க முடிகிற உதைக்கும் நம் கையால் தூக்க முடிகிற எடைக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேடுவதுதான் வேலை.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் ஒரு பழைய இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி இருந்தது (போர் என்பது குழலின் அளவு, பின்னால் சொல்கிறேன்). 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் 70 வயதைத் தாண்டினாலோ அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவருக்கு அதை மாற்றிக் கொடுக்க விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு இரண்டுமே பொருந்தியது. அண்ணனுக்குத் துப்பாக்கியில் நாட்டமில்லை. எனக்கோ, புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் என்ற கிளே போட்டியில் சுட்டதைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு, காவல் நிலைய விசாரணை, உடலும் மனமும் சரியாக இருப்பதாக டாக்டர் சான்றிதழ், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், வீட்டில் பூட்டி வைக்க இடம் உண்டு என்ற உறுதிமொழி. விசாரிக்க வந்தவர் “வீட்டுல ஆம்பிளையாளு யாரும் இல்லையாம்மா?” என்று கேட்டார். அப்பா உள்ளேயிருந்து, “இருக்கேன். எனக்கு வயசாயிட்டுன்னுதான அவ பேருக்கு மாத்துதோம்” என்றார். இப்போது உரிமம் ஐந்து வருடத்துக்குச் செல்லும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் ஆள் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். அப்பாவுடையது ஒன்று. ஆக எனக்கு மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு.

அப்பாவின் துப்பாக்கியையே வைத்துச் சுட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். தோளில் வைக்கிற மரக்கட்டை எனக்கு ரொம்ப நீளம். அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட மாதிரி. அதைவிடப் பெரிய தடை தோட்டா அறை. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர்தான் இருக்கும். இன்று கிளேவுக்கு வருகிற தோட்டாக்கள் பெரும்பாலும் 70. சுடுமுன், வாய் மடிப்பு விரியாத நிலையில், 70 தோட்டா 65 அறைக்குள்ளும் ஒழுங்காகப் போய் உட்கார்ந்துகொள்ளும், துப்பாக்கியும் மூடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலுக்கு அடியில் பொறித்திருக்கும் சோதனை முத்திரையில் இந்த அளவு இருக்கும். தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருப்பவர்கள் முதல் வேலையாக அதைப் பார்த்துவிடுங்கள்.

உரிமத் தாள்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில் வெளி மாவட்டத்தில் ஒரு கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தேன். ரவை இருநூறு மீட்டருக்கு மேலும் போய் விழும் என்பதால் கிளே சுட அகலமான வெட்டவெளி வேண்டும். அப்படி ஒரு திடலுக்காக விடியுமுன்னே பஸ் ஏற வேண்டியிருந்தது. ஆனால் அங்கே கிளப்பின் துப்பாக்கிகளில் பலவற்றைத் தோளில் வைத்துப் பார்க்க முடிந்தது. கடையில் அது நடக்காது. கடையில் தூக்கிப் பார்க்கலாம், சுட்டுப் பார்க்க முடியாது.

கடை என்றதும் நினைவுக்கு வருகிறது. மதுரையில் முதலில் போன கடையில் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, ஓர் ஒற்றைக்குழலை எடுத்துக் கையில் கொடுத்தார்கள். “லேடீஸுக்கு இதுதாங்க சரியா இருக்கும்.” பூப்போல இருந்தது. இரண்டரை கிலோ இருக்கலாம். கட்டையின் பின்னால் ரப்பர்கூட இல்லை, வெறும் பிளாஸ்டிக் தகடு. அதோடு சுடக் காட்டிய தோட்டாவோ எஸ்ஜி, பெரிய ரவை போட்ட கனமான தோட்டா. முதல் துப்பாக்கியாக இதை வாங்கிப் போகிற ஆள் ஒரு பெட்டித் தோட்டா தீருமுன்னே இந்தப் பழக்கத்தையே விட்டுவிடுவார். அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அடுத்தது போர். 12 போர் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை குழலுக்குள் சரியாகப் போகும் என்று கணக்கு. ஆகவே 20 போர் இன்னும் சின்னது, 28 அதைவிடச் சின்னது. 410 மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது குழலின் விட்டத்தை அங்குலத்தில் சொல்வது. சின்ன உடம்பு என்றதும் எல்லாரும் 20 போரைக் கை காட்டுவார்கள். நல்ல துப்பாக்கிதான், கையில் ஒல்லியாக, சுலபமாகத் திரும்பும். ஆனால் 20 போரில் 24 கிராம் ரவை போட்டாலும் 12 போரில் அதே 24 கிராம் போட்டாலும், தோளுக்கு வருவது ஏறக்குறைய ஒன்றுதான். போர் எண் உதைப்பதில்லை, ரவையின் எடைதான் உதைக்கிறது. 20 போர் துப்பாக்கி வழக்கமாக லேசு என்பதால் ஒரே எடை ரவைக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே உதைக்கும்.

410 உதை குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ரவை கொஞ்சம். பறக்கிற கிளேயின் விட்டம் 110 மில்லிமீட்டர். ரவை வலை மெலிந்து போனால் குறி சரியாக இருந்தும் கிளே உடையாமல் போகும். புதிதாகப் பழகுகிறவருக்கு உடைகிற கிளேதான் சம்பளம். 410 கைதேர்ந்தவர்களுக்கான துப்பாக்கி என்பது என் எண்ணம். அதைப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் உரியது என்று தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் நான் 12 போரில் நின்றதற்குக் காரணம் தோட்டா. நான் விசாரித்த கடைகளில் 12 போர் தோட்டா தட்டில் இருந்தது, 20 போருக்கு ஆர்டர் போட வேண்டும் என்றார்கள். ஒலிம்பிக் டிராப்பில் 24 கிராமுக்கு மேல் ரவை கூடாது என்பது விதி, அதனால் கிளப்புகளில் 12 போர் 24 கிராம் தோட்டா புழங்குகிறது. 28 கிராமிலிருந்து 24 கிராமுக்கு இறங்கினால், அதே வேகத்தில், உதையின் ஆற்றல் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். துப்பாக்கியை மாற்றாமலே, பெட்டியை மாற்றியே கிடைக்கிற லாபம் இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 12 போரும் 20 போரும் ஒரே வீட்டில் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும், வெளியே தெரியாது. காலி என்று நினைத்து இன்னொரு 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போகும். அதற்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலையில், இரண்டையும் ஒரே போராக வைத்துக்கொள்வது நல்லது என்று எனக்குப் பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடைக்கும் போருக்கும் மேலே எனக்கு உதவியது கட்டையின் அளவு. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம் கடையில் வருகிற துப்பாக்கிகளில் 14¼, 14½ அங்குலம் இருக்கும். நீளமான கட்டையை நான் தோளுக்குக் கொண்டு வந்தால் அக்குளில் சிக்கும். சிக்காமல் இருக்க உடம்பைப் பின்னால் சாய்ப்பேன். சாய்ந்த உடம்பில் 24 கிராம்கூடக் கழுதை உதைதான். கட்டை தோள்குழிக்கு வெளியே புஜத்தில் போய் உட்காரும், நீலம் பாரிக்கும். பயிற்சி கொடுத்த ரிட்டயர்டு சுபேதார் சார் என்னிடம் பார்த்தது மூக்கைத்தான். துப்பாக்கியைத் தூக்கி வைத்தபிறகு, பிடித்த கையின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும் என்றார். மூக்கில் இடித்தால் கட்டை குட்டை, ஒரு சாண் தள்ளி நின்றால் நீளம். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விசைக்கு விரல் எட்டுகிறதா என்று பார்க்கிற பழைய முறையும் உண்டு. அது கடையில் நிற்கும்போது தோராயத்துக்கு உதவும், அவ்வளவே.

வெளிநாட்டு அட்டவணைகளைப் பார்த்து அளவு முடிவு செய்கிறவர்களுக்கு ஒன்று: அவர்கள் குளிருக்குத் தடித்த கோட்டு போட்டுக்கொண்டு சுடுகிறவர்கள். நம் வெயிலில் பருத்திச் சட்டைதான். அவர்கள் 13 என்று சொல்கிற இடத்தில் நமக்குக் கால் அங்குலம் கூடவே நிற்கலாம்.

இன்னொன்று பெண்களுக்கு. கட்டையின் அடிமுனை கூர்மையாக இருந்தால் மார்பின் மேல்பகுதியில் குத்தும். அந்த முனையைக் கொஞ்சம் இழைத்து, சரிவை மாற்றினால் தீர்ந்தது. இதை எந்தக் கடையிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. கிளப்பில் ஒரு அக்காதான் தன் துப்பாக்கியைக் காட்டிச் சொன்னார்.

தூக்குகிற எடைக்கு ஒரு சோதனை. காலித் துப்பாக்கியைத் தோளில் வைத்து, குழலைத் தூரத்து மரத்தின் உச்சியில் நிறுத்தி, இருபது வரை மெதுவாக எண்ணுங்கள். பத்துக்குள் குழல் தொங்கினால் அது உங்களுக்கு இப்போதைக்குக் கனம். போட்டிக்காரர்களின் 3.6, 3.8 கிலோ துப்பாக்கிகளில் சுட்டபோது உதை தெரியவே இல்லை, சுகமாக இருந்தது. ஆனால் டிராப்பில் ஒரு ரவுண்டுக்கு 25 கிளே, ஒவ்வொன்றுக்கும் இரண்டு குண்டு வரை அனுமதி. பாதி ரவுண்டிலேயே இடது கை நடுங்கியது. 3.1, 3.2 கிலோவில் என் கை நின்றது. எடை எங்கே சேர்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். குழல் மடிகிற கீலுக்குப் பக்கத்தில், இரண்டு கைக்கும் நடுவே இருந்தால் அதே எடை குறைவாகத் தெரியும்.

உதையைக் குறைக்க அரைத் தானியங்கி நல்லது என்று இணையத்தில் படிப்பீர்கள். உண்மைதான், வாயுவில் இயங்குவது உதையைச் சற்று நீட்டிப் பரப்பிவிடும். ஆனால் அது நம் சாதாரண உரிமத்துக்குள் வராது. அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

வாங்கியது ஒரு பழைய இரட்டைக்குழல், 12 போர், 28 அங்குலக் குழல், 70 மில்லிமீட்டர் அறை, 3.1 கிலோ. குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடி ஆட்டிப் பார்த்தேன், குழல் ஆடவில்லை. உள்ளே வெளிச்சத்தில் பார்த்ததில் பள்ளமோ துருவோ இல்லை. சின்னக் கைக்காரர்கள் முன்விசை விரலுக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். இரட்டை விசைத் துப்பாக்கியில் அதுதான் தூரம்.

அப்புறம் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கட்டையைக் குறைக்கக் கொடுத்தேன். கட்டையைக் குறைக்கலாம், குழலைத் தொடக்கூடாது. குழலைக் குட்டையாக்குவது ஆயுதச் சட்டப்படி தனி உரிமம் வேண்டிய காரியம். சாதாரண உரிமத்துக்கான துப்பாக்கிக்குக் குழல் 20 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது. மரத்தில் 2¼ அங்குலம் எடுத்து, ஓர் அங்குல ரப்பர் ஒட்டி, 13¼இல் நிறுத்தினார். ஒரேயடியாக வெட்டவில்லை, கொஞ்சம் எடுப்பார், தோளில் வைக்கச் சொல்வார், மறுபடி எடுப்பார். வெட்டிய துண்டைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார், பிற்காலத்தில் விற்பதானால் தேவைப்படும் என்று. மரம் போனதில் குழல் பக்கம் கனத்தது. அதற்குக் கட்டைக்குள் துளை போட்டு ஈயம் வைத்தார். லேசான துப்பாக்கி தேடிப் புறப்பட்டவள் காசு கொடுத்து எடை ஏற்றிக்கொண்டு வந்தேன் என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

இப்போது ஒரு காலையில் ஒரு ரவுண்டுதான். காதுக்குள் பஞ்சு போதாது, காது மூடி கட்டாயம், கண்ணாடியும். முன்கால் மேல் எடை, கன்னம் கட்டையில் அழுந்த, தோளில் இடைவெளி இல்லாமல் இறுக்கி. இடைவெளி விட்டால் உதை அடியாக வரும், ஒட்டி இருந்தால் தள்ளாகத்தான் வரும். வீட்டில் போலித் தோட்டா போட்டு, கண்ணாடி முன்னால் நின்று தூக்கிப் பழகுகிறேன்.

பக்கத்து வயல்காரர் துப்பாக்கி வந்த சேதி கேட்டு, “வாழைக்குள்ள பன்னி வருது, ஒரு நாள் வாயேன் தாயி” என்றார். இந்த உரிமத்தில் அதற்கு இடமில்லை, பன்னிக்கு வனத்துறையிடம்தான் போகணும் என்று சொல்லி அனுப்பினேன்.

அப்பா என் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் மூக்கில் இடித்தது. “நல்லதாப் போச்சு, இனி இதை ஒருத்தனும் இரவல் கேக்க மாட்டாம்லா” என்றார். கேட்டாலும் கொடுக்க முடியாது, உரிமம் என் பேரில் இருக்கிறது.